மைவி சாவி தகராறு: கம்ப்யூட்டரை மாற்ற வேண்டுமா?

வாசகி ஒருவரின் கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் காடி 2018 மைவி கார், பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்வது. கணவர் தவறி ஒன்பது மாதம் ஆகிறது. இரண்டு சாவிகளில் ஒன்று அவர் இருந்தபோதே தொலைந்துபோனது. இருக்கிற சாவிக்குக் கதவு சில நேரம் திறக்கிறது, சில நேரம் இல்லை. போன வாரம் இரண்டு முறை காடி ஸ்டார்ட்டே ஆகவில்லை. தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர் போச்சு, ஈப்போவுக்கு டோ பண்ணி செட்டாக மாற்றணும், 2,800 வெள்ளி ஆகும்” என்கிறார். காடி இன்னும் கணவர் பெயரில்தான் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்:

அம்மா, அந்த 2,800 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். டோ லோரிக்கும் தலையாட்டாதீர்கள். கதவு திறப்பதிலும் தகராறு, ஸ்டார்ட் ஆவதிலும் தகராறு என்று இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சாவிக்குள் இருக்கும் வட்ட பேட்டரியை. கடிகாரக் கடையில் பத்து வெள்ளிக்குள் முடிகிற விஷயம். அதைப் பார்க்காமலே கம்ப்யூட்டர் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், அவர் காடியைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்திருக்கிறார்.

சாவியின் ஓரத்தில் சின்ன நெம்பு ஒன்று இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே இருக்கும் இரும்புச் சாவி வெளியே வரும். அது இருந்த பள்ளத்தில் துணி சுற்றிய ஸ்குரூடிரைவரை விட்டு மெதுவாகத் திருப்பினால் மூடி பிளக்கும். பழைய பேட்டரியின் முதுகில் ஓர் எண் இருக்கும், அதே எண்ணைத்தான் வாங்க வேண்டும். 2032 என்றால் அகலம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 2025ம் அதே அகலம்தான், ஆனால் கனம் 2.5. “இதுவும் ஓடும்” என்று கடைக்காரர் அதை எடுத்துக் கொடுப்பார். போட்டால் உட்காரும், ஓடவும் செய்யும். ஆனால் தகடு சரியாக அழுந்தாது. சாவியை ஒரு தடவை கீழே போட்டால் பழைய கதைதான், ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது.

இன்னொன்று, புது பேட்டரி போட்டும் வேலை செய்யவில்லை என்று பலர் வருகிறார்கள். தோட்டத்து லோரி ஓட்டுநர் ஒருவர் மூன்று புது பேட்டரிகளை என் மேசைமேல் வைத்து, மூன்றுமே மோசம் என்றார். மீட்டரில் மூன்றும் 3 வோல்ட்டுக்கு மேலேயே காட்டின. பிள்ளைகள் வாயில் போட்டால் துப்பட்டும் என்று இப்போது சில பேட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசி வருகிறது. சில சாவிகளில் தகடு தொடும் இடத்தில் அந்தப் பூச்சு குறுக்கே நின்று மின்சாரத்தைத் தடுக்கும். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் போட்டேன், வாசலில் நின்ற அவர் காடி உடனே விளக்கு அடித்தது. பூச்சு இருந்தாலும் கழற்றிய பழைய பேட்டரியைப் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் விடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

பேட்டரி மாற்றினால் சாவியைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டியதில்லை. “மாற்றியாச்சு, இப்போ புரோகிராம் பண்ணணும், 150 வெள்ளி” என்று கேட்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

புது பேட்டரி கிடைக்கும்வரை காடி நின்றுபோனால் பயப்படாதீர்கள். கதவை இரும்புச் சாவியால் திறங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, பிறகு அழுத்துங்கள். சாவிக்குள் இருக்கும் சிப்புக்குத் தன் பேட்டரி தேவையில்லை, பட்டன் பக்கத்தில் இருக்கும் சுருளிலிருந்தே அதற்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும். ஒட்டிப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, கைப்பையில் இருந்தால் ஆகவில்லை என்றால் உங்கள் காடியின் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. அந்த மனிதர் எதிரிலேயே செய்து காட்டுங்கள். ஒட்டிப் பிடித்தும் ஆகவில்லையா? யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியாவிட்டால் மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்ச் கெட்டிருக்கலாம், சின்னச் சாமான்தான். மீட்டர் விளக்குகளே மங்கலாக இருந்தால் காடியின் பெரிய பேட்டரியைப் பாருங்கள். இந்த மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை காடி வீட்டு வாசலை விட்டு நகரக் கூடாது.

டோ என்றாலே எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், பஸ் நிலையத்தில் ஆள்பிடிக்கும் டிக்கெட் தரகர்கள், அதுதான் உலாட், இருப்பதுபோல இதிலும் இருக்கிறார்கள். டோ லோரிக்காரருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குபவர்கள். காடி அவர்கள் இடத்துக்குப் போய்விட்டால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நிறுத்துகிற வாடகை ஏறும். அப்புறம் பேரம் பேசுகிற இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். சாவி வேலைக்கு டோ தேவையே இல்லை. மெஷினோடு வீட்டுக்கே வந்து செய்து கொடுக்கிற சாவிக்காரர்கள் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் இருக்கிறார்கள்.

பேட்டரி சரியானதும் விட்டுவிடாதீர்கள், உடனே இரண்டாவது சாவி செய்யுங்கள். ஒரு சாவி உயிரோடு இருக்கும்போது அதைக் காட்டி இன்னொன்றைப் பதிவு செய்வது சில நூறு வெள்ளியில் முடியும் சுலபமான வேலை. அதுவும் தொலைந்தால்தான் உண்மையிலேயே கம்ப்யூட்டரைத் தொட வேண்டி வரும், செலவும் பல மடங்கு ஆகும். செல்போனில் மலிவாகப் பார்த்து நீங்களே சாவி வாங்கிக் கொடுக்காதீர்கள். இங்கே விற்ற காடிகள் பலவற்றுக்கு 433 மெகாஹெர்ட்ஸ் அலை, ஜப்பானில் ஓடிய பிறகு இங்கே வந்த ரீகொண்ட் காடிச் சாவிகள் பலவற்றுக்கு 315. கூடு ஒரே மாதிரி இருக்கும், கதவு திறக்காது. வேறு காடியில் பதிவான பழைய ஸ்மார்ட் சாவியும் பெரும்பாலும் உங்கள் காடியில் ஏறாது. சாமானும் வேலையும் ஒரே ஆளிடம் இருக்கட்டும், வேலை செய்து, பார்த்து, பிறகு காசு கொடுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். “சாவியை விட்டுவிட்டுப் போங்கள், சாயங்காலம் வாங்க” என்றால் கூடாது. நீங்கள் இல்லாதபோது மூன்றாவது சாவி ஒன்றைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

இப்போது பெயர் விஷயம். இதில்தான் உங்களைப் போன்றவர்களை அலைக்கழிக்கிறார்கள். என் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே நிலைமை. ஒரு சர்வீஸ் சென்டருக்கு நானே கூடப் போனேன். இறப்புச் சான்றிதழைக் கவுண்டரில் வைத்தோம். அதைப் படித்துவிட்டு, “காடி உரிமையாளர் ஐசி அடையாள அட்டையோடு நேரில் வரணும், இந்த பாரத்தில் கையெழுத்துப் போடணும்” என்றார் அந்தப் பெண். அவர் இறந்துவிட்டார் என்று மறுபடி சொன்னோம். பாரத்தில் அதற்கு இடமில்லை என்றார். அக்கா அழுதுகொண்டே வெளியே வந்தார். காடித் திருட்டைத் தடுக்கத்தான் இந்த விதி, அதை நான் மதிக்கிறேன். ஆனால் உரிமையாளர் சாக மாட்டார் என்று நினைத்து பாரம் எழுதியவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

உங்கள் கையில் வேலை செய்யும் சாவி இருக்கிறது, காடி உங்கள் வீட்டில் நிற்கிறது. காடிப் பதிவுப் பத்திரமான கிராண்ட், கணவரின் இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உங்கள் ஐசி நான்கையும் காட்டினால் நல்ல சாவிக்காரர் பார்த்துக் குறித்துக்கொண்டு செய்து கொடுப்பார். ஒன்றுமே கேட்காமல் செய்கிறவரிடம் போகாதீர்கள், அவர் நாளை உங்கள் காடிக்கும் யாருக்காவது அப்படித்தான் சாவி செய்வார். தொலைந்த சாவிக்கு ஒரு போலீஸ் ரிப்போர்ட்டும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சாவி கிடைத்துவிட்டது என்று பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இறப்புச் சான்றிதழை மட்டும் கொண்டுபோனால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பெயர் மாறாது. காடியும் சொத்துதான், அதை யார் பெயருக்கு மாற்றலாம் என்று, இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசு நிறுவனமான அமானா ராயாவிலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ ஆவணம் வேண்டும். கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கியிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் பேரில் மாற்றுவதா உங்கள் பேரில் மாற்றுவதா என்று வீட்டில் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அமானா ராயா கவுண்டரில் நின்று பேச ஆரம்பித்தால் இன்னொரு நடை ஆகிவிடும்.

கடைசியாக, புதுச் சாவி பதிவாகும் அன்றே தொலைந்த சாவியையும் காடியின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உங்கள் கையில் இருக்கும் இரண்டை மட்டும் திரும்ப ஏற்றுவார்கள். எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பெரும்பாலும் மெஷின் திரையிலேயே தெரியும். அதில் 2 என்று நீங்களே கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.