மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்: கல்வி நாட்காட்டியை நம்பித் திட்டம் போடலாமா?

கேள்வி கேட்ட அக்கா முல்லைத்தீவுப் பக்கம் வயல் செய்யும் குடும்பம் என்று எழுதியிருக்கிறார். மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். எப்போது தொடங்கும், எப்போது சோதனை, எப்போது லீவு என்று வருட நாட்காட்டி முன்கூட்டியே கிடைக்குமா, தங்குமிடம், காசு, மற்ற உதவிகள் எல்லாம் எப்படி என்பதுதான் கேள்வி.

அக்கா, நாட்காட்டி கிடைக்கும். ஆனால் அதிலுள்ள திகதிகளை வைத்து வீட்டுக் காரியம் எதையும் முடிவு செய்யாதீர்கள். வாரங்களை வைத்து முடிவு செய்யுங்கள். நான் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் படித்தவன், இப்போதும் வவுனியாவில்தான் வேலை. புதிதாக வரும் பிள்ளைகளின் வீட்டார் இது தெரியாமல் அலைவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டி என்று நினைக்க வேண்டாம். பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடங்கள் இருக்கின்றன. பீடத்துக்குப் பீடம், பட்ச்சுக்குப் பட்ச் (ஒரே வருடம் சேர்ந்த பிள்ளைகளின் தொகுதி) நாட்கள் மாறும். பக்கத்து வீட்டுப் பிள்ளை லீவில் வந்து நிற்கிறாள், என் மகளை மட்டும் ஏன் விடவில்லை என்று கவலைப்படாதீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவர்கள், அவர்களுடைய கணக்கு முற்றிலும் வேறு. வவுனியாவும் முன்பு அப்படித்தான் இருந்தது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. ஊரில் இன்றைக்கும் எல்லோரும் கம்பஸ் என்றுதான் சொல்வார்கள்.

இனி வாரக் கணக்குக்கு வருகிறேன். ஒரு வருடத்தில் இரண்டு செமஸ்டர். ஒவ்வொன்றிலும் 15 வாரம் விரிவுரை, அதன் பின் ஸ்டடி லீவு, பிறகு சோதனை, பிறகு ஒரு சிறிய விடுமுறை. இந்த வரிசை மாறாது. திகதி மட்டும் எத்தனையோ காரணங்களால் தள்ளிப் போகும். கொரோனா காலத்தில் போனது, 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே நின்றபோது போனது. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் ஜூலை வரை இழுத்ததில் நாடு முழுவதும் பல்கலைக்கழகங்களின் வேலைகள் முடங்கின. அப்படி நின்றால் ஏழாவது வாரத்தோடு நின்ற பாடம் எட்டாவது வாரத்தில் இருந்துதான் மறுபடி தொடங்கும். ஆகவே மகள் போன் எடுத்தால் "எப்ப சோதனை" என்று கேட்காமல் "இப்ப எத்தனையாவது வாரம்" என்று கேளுங்கள். பிள்ளையின் நிலைமை அதிலேயே விளங்கிவிடும்.

முதல் மூன்று வாரமும் பதிவு, அடையாள அட்டை, நூலக அட்டை, எல்எம்எஸ் என்னும் இணையவழிப் பாடத் தளத்தின் கணக்கு, உதவித்தொகைப் படிவம் என்று ஓடும். அந்த வாரங்களில் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிடாதீர்கள். ஏழு, எட்டு வாரமளவில் இடைப் பரீட்சைகள் வரும். பன்னிரண்டாவது வாரம் தாண்டினால் அசைன்மென்ட், செய்முறை அறிக்கை, பிரசன்டேஷன் எல்லாம் ஒரேயடியாகத் தலையில் விழும். அந்த நேரம் பிள்ளை சரியாகப் பேசவில்லை, சினந்து விழுகிறாள் என்றால் கோபிக்க வேண்டாம்.

வரவு 80 வீதம் வேண்டும். 15இல் 80 வீதம் என்றால் 12. வாரத்துக்கு ஒரு விரிவுரை உள்ள பாடத்தில் மூன்றே மூன்றுதான் தவறவிடலாம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வன்னியில் ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடக் காரணங்கள் நிறைய. வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா, மாமா வீட்டுக் கலியாணம், எட்டுச் செலவு, அந்தியேட்டி. எல்லாம் முக்கியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று நாளையும் காய்ச்சலுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். மாரி மழை விட்ட கையோடு டெங்கு வரும். விடுதியில் ஒருவருக்கு வந்தால் அடுத்த அறைக்கும் வரும். சோதனை நாளில் உடம்பு சரியில்லை என்றால் சும்மா படுத்திருக்கக் கூடாது, குறித்த நாட்களுக்குள் முறைப்படி மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது ரிப்பீட், அதாவது மறுபடி எழுதும் சோதனை ஆகிவிடும், ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் போடமாட்டார்கள். ஒரு காய்ச்சலால் வகுப்புச் சித்தி கைவிட்டுப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைப் பார்க்க மனம் பொறுக்காது.

காசு விஷயம். இதுதான் வயல் செய்யும் வீட்டில் பெரிய சிக்கல். காலபோகம் ஐப்பசி மழையோடு விதைத்தால் மாசி, பங்குனியில்தான் அரிவி வெட்டு. கையில் காசு புழங்குவது அந்த ஒன்றிரண்டு மாதம்தான். கம்பஸ் எந்த மாதத்தில் தொடங்கும் என்பதோ உங்கள் கையில் இல்லை. விதைப்பும் உரமும் கழுத்தை நெரிக்கும் மாதத்திலேயே பதிவு வந்து நிற்கலாம். அரச உதவித்தொகையான மகாபொல கிடைத்தால் சமாளிக்கலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். மகாபொல நல்ல உதவிதான். நீண்ட காலம் மாதம் 5000 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7500 ஆக உயர்த்தினார்கள். மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த பிள்ளைகளுக்குப் பர்சரி என்ற உதவித்தொகை இருக்கிறது, அதுவும் 4000இல் இருந்து 6500 ஆனது. ஆனால் இரண்டுமே கம்பஸில் சேர்ந்த உடனே கைக்கு வராது. பெயர்ப்பட்டியல் வந்து, வங்கிக் கணக்கு சரிபார்த்து, முதல் தவணை விழுவதற்குள் மாதங்கள் போய்விடும். முதல் செமஸ்டரை முழுக்க வீட்டுக் காசில்தான் ஓட்ட வேண்டும் என்று நினைத்து, இந்த அறுவடையிலேயே ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். பிந்தி வரும் உதவித்தொகை இரண்டாம் செமஸ்டருக்கு லாப்டொப் வாங்க உதவும்.

வருமான விபரத்தைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் எடுத்து இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். படிவம் வந்த பிறகு ஒரு கையொப்பத்துக்காக மகள் வவுனியாவில் இருந்து முல்லைத்தீவு வரை பஸ் ஏறினால் தவறவிடக்கூடிய அந்த மூன்று நாளில் ஒன்று போய்விடும். பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள், தேசிய அடையாள அட்டை எல்லாவற்றிலும் நாலைந்து போட்டோக் கொப்பி எடுத்து, கிளியர் பைலில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

தங்குமிடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பைமடு, வவுனியா நகரத்தில் இருந்து மன்னார் வீதியில் சுமார் 10 கிலோமீற்றர். சுற்றிவரக் காடும் வெளியும், நகர் போல நாலு கடை இராது. முதலாம் வருடத்தவருக்கும் இறுதி வருடத்தவருக்கும் விடுதியில் முன்னுரிமை கொடுப்பதே பொதுவான வழக்கம், இடைப்பட்ட காலத்துக்கு வெளியில் அறை பார்க்க வேண்டி வரலாம். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை வெக்கை சும்மா இராது. ஒரு நல்ல நுளம்பு வலை, மூடியுள்ள வாளி, பெரிய தண்ணீர்ப் போத்தல், மேசை விசிறி இவை நான்கும் போதும். மற்றதெல்லாம் வவுனியாச் சந்தையில் வாங்கலாம்.

படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். இதை நினைத்துத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் பயப்படுவார்கள். உயர்தரம் வரை தமிழில் கணிதம் படித்துவிட்டு முதல் நாள் ஆங்கில விரிவுரையில் இருந்தால் பாதி விளங்காது, அது எல்லோருக்கும்தான். பக்கத்துக் கதிரையில் குருநாகலில் இருந்து வந்த சிங்களப் பிள்ளைக்கும் அதே நிலைமைதான். ஆங்கில மொழிப் பிரிவு இருக்கிறது, அந்த வகுப்புகளை விடக் கூடாது. ஆனால் உண்மையில் பிள்ளைகளைத் தூக்கிவிடுவது குப்பி. ஒரு பாடம் விளங்கிய சீனியரோ பட்ச்மேட்டோ மற்றவர்களை உட்கார வைத்துத் தாங்களாகவே சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குத்தான் அந்தப் பெயர். சோதனைக்கு முந்திய வாரம் இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்: வெற்று விரிவுரை மண்டபத்தில் வெள்ளைப் பலகை முழுக்க ஒரே கணக்கு, ஒருவர் தமிழில் ஒரு வரி சொல்ல, இன்னொருவர் அதையே சிங்களத்தில் சொல்ல, முன்வரிசையில் மூன்று இனப் பிள்ளைகளும் ஒரே பழைய வினாத்தாளில் தலை கவிழ்ந்திருப்பார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் மிகப் பெரிய வளம் அதுதான். மகளைக் கூச்சப்படாமல் குப்பிக்குப் போகச் சொல்லுங்கள். விளங்கியதும் தானே ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.

நூலகத்தில் பழைய வினாத்தாள்களைக் கேட்டுப் பார்க்கலாம். மாணவ ஆலோசகர்கள், மருத்துவ நிலையம், தொழில் வழிகாட்டல் பிரிவு எல்லாம் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதற்கு எங்கள் பிள்ளைகள் நாலாம் வருடத்தில்தான் போவார்கள், இரண்டாம் வருடத்திலேயே போனால் இன்டர்ன்ஷிப்புக்குத் தயாராக நேரம் இருக்கும்.

பகிடிவதை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே, 20ஆம் இலக்கச் சட்டமாக வந்துவிட்டது, சிறைத்தண்டனை வரை உண்டு. மகள் ஏதாவது சொன்னால் "கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாணவ ஆலோசகரிடமோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ உடனே முறையிடலாம், பெற்றோராகிய நீங்களும் முறையிடலாம்.

பாடநெறி தகவல் தொழில்நுட்பமா, பிரயோக கணிதமும் கணினியுமா, சுற்றாடல் விஞ்ஞானமா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால், அதே துறையில் இப்போது படிக்கும் பிள்ளைகளிடம் முதல் செமஸ்டரில் என்னென்ன பாடம், எதற்கு இப்போதே தயாராகலாம் என்று கேட்டுச் சொல்கிறேன்.