டிவி ‘டாக்டர்’ சொன்னார் என்று சுகர் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடுகிறார். டிவியில் தினமும் காலையில் வரும் ஒரு மருத்துவ நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, கீழே ஓடிய எண்ணுக்கு போன் போட்டு, 14,500 ரூபாய்க்கு மூன்று மாதச் சூரணம் வாங்கிவிட்டார். பத்து நாள் கழித்து இங்கிலீஷ் மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களாம். “டிவியிலேயே சொல்றாங்க, சும்மாவா சொல்லுவாங்க?” என்கிறார். நிறுத்தலாமா? இவர்கள் மேல் புகார் கொடுக்க முடியுமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நிறுத்தக் கூடாது. இன்று இரவு மாத்திரையை வழக்கம்போலக் கொடுங்கள். நிறுத்த வேண்டியது சூரணத்தை. ஆனால் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

சூரணத்தை ஏன் உடனே நிறுத்த வேண்டும்? அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, போனில் பேசியவருக்கும் தெரியாது. சர்க்கரைக்கு என்று விற்கப்படும் இப்படிப்பட்ட பொடிகளைச் சோதனைக்கூடத்தில் பார்த்தபோது, கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற அதே இங்கிலீஷ் மருந்துகளைச் சொல்லாமல் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மூட்டுவலிப் பொடியாக இருந்தால் ஸ்டீராய்டு. உங்கள் அப்பா ஏற்கெனவே கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர். அதற்கு மேல் இன்னொன்று தெரியாமல் உள்ளே போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், திடீர்ப் பசி, சம்பந்தமில்லாமல் பேசுவது ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவு தெளிவாக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு போன் செய்யுங்கள். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஒரு தடவை ஏறிவிட்டாலும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். அதனால் சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

மாத்திரையை நிறுத்தினாலும் முதல் சில வாரங்கள் பெரிதாக ஒன்றும் தெரியாது. சர்க்கரை 250-ல் இருந்துகொண்டே ஒருவர் சாதாரணமாக நடமாடலாம். “பார், நல்லாத்தானே இருக்கேன்” என்பார். கண்ணும் சிறுநீரகமும் கெடுவது வலிக்காது. இன்சுலின் போடுகிறவர்கள், அதிலும் சிறு வயதிலேயே சர்க்கரை வந்தவர்கள் நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

அடுத்து, அப்பாவுக்குப் புரியவைக்க வேண்டிய விஷயம். அவர் பார்ப்பது நிகழ்ச்சி அல்ல, விலை கொடுத்து வாங்கிய அரை மணி நேரம். பணம் கட்டியவரே எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். கேள்வி கேட்கும் தொகுப்பாளருக்கும் அவரே படியளக்கிறார். ‘விளம்பர நிகழ்ச்சி, கருத்துகளுக்குத் தொலைக்காட்சி பொறுப்பல்ல’ என்று ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி தொடக்கத்திலோ முடிவிலோ வந்து போகும். நாளைக் காலை அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த வரி வரும்போது மொபைலில் படம் எடுத்து, பெரிதாக்கி அவரிடம் காட்டுங்கள். வாதம் செய்வதைவிட இது வேலை செய்யும்.

கீழே ஓடும் எண்ணில் எடுப்பவர் பெரும்பாலும் டாக்டர் இல்லை. ‘கவுன்சலர்’ என்று ஒரு பெயர் இருக்கும். பார்சலுக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கும். வயது, நோய், முகவரி எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்தப் பட்டியலும் ஒரு சரக்குதான். ஒரு தடவை சர்க்கரைக்கு போன் செய்தவருக்குப் பிறகு முழங்கால் வலி, புராஸ்டேட், பிள்ளைகளின் ஞாபகசக்தி என்று வேறு வேறு எண்களிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அந்த எண்களைத் தடை செய்வதோடு, பார்சலே வந்தாலும் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். ‘ஆர்டர் போட்டுவிட்டு வாங்கவில்லை, வக்கீல் நோட்டீஸ் வரும்’ என்று மிரட்டுவார்கள். பணம் கட்டாத பார்சலைத் திருப்பி அனுப்பியதற்கு யாரும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கப்போவதில்லை.

அந்த நிகழ்ச்சியில் வந்து ‘எனக்குக் குணமாச்சு’ என்று சாட்சி சொல்பவர்கள் எல்லாருமே பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். சூரணத்தோடு ஒரு தாள் வந்திருக்கும், எடுத்துப் பாருங்கள். இரவில் சோறு கூடாது, இனிப்பு கூடாது, தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அதைச் செய்தாலே சர்க்கரை குறையும். குறைந்ததும் பெயர் பொடிக்குப் போகிறது. இன்னொரு வித்தையும் உண்டு. ‘முன்பு 320, இப்போது 140’ என்பார்கள். முதலாவது சாப்பிட்ட பின் எடுத்ததா, இரண்டாவது வெறும் வயிற்றிலா என்று சொல்ல மாட்டார்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில்கூட இந்த இரண்டு எண்களும் வரும். ஏமாற்ற முடியாத சோதனை எச்பிஏ1சி. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டிக்கொடுத்துவிடும். அப்பாவுக்கு இப்போதே அதை எடுங்கள். கூடவே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனையும் கல்லீரல் சோதனையும் பாருங்கள். கன உலோகம் கலந்த பொடியாக இருந்தால் இந்த உறுப்புகளும் அடி வாங்கும். வெறும் வயிறு சர்க்கரையைப் பார்ப்பதும் மாத்திரை வாங்குவதும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 14,500 ரூபாய் எதற்குப் போயிற்று என்று அப்பாவையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும். விற்பனைக்காரர்கள் அதைத்தான் ‘லண்டன் ஆராய்ச்சி’ என்று திருடிச் சொல்கிறார்கள். மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் நிற்பது உண்மையில் உண்டு. பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியான டைரக்ட் என்ற ஆய்வில், நோய் கண்டுபிடித்து ஆறு வருடத்துக்குள் இருந்த, உடல் எடை அதிகமான, இன்சுலின் போடாதவர்களைச் சேர்த்தார்கள். ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி மட்டுமே உள்ள திரவ உணவை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை மாத்திரையை முதல் நாளே நிறுத்தினார்கள். ஆனால் நர்ஸோ உணவு நிபுணரோ தொடர்ந்து கண்காணித்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை தேவைப்படவில்லை. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்டோர் அப்படி மீண்டார்கள். இரண்டாம் வருடம் அந்த 46, 36 ஆகிவிட்டது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும் என்பதால்தான் டாக்டர்கள் இதைக் ‘குணம்’ என்று சொல்வதில்லை. இதில் சூரணம் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் அப்பாவுக்கு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் தொப்பை இருந்தால், எடையைக் குறைத்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடியுமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. நோயாளி கேட்காவிட்டால் டாக்டர்களும் இதைப் பேசுவதில்லை. அந்த ஓட்டையில்தான் டிவிக்காரர் நுழைகிறார்.

சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர் பட்டம் படித்துப் பதிவு செய்தவர், நாடி பார்க்காமல் போனிலேயே 14,500 கேட்க மாட்டார்.

இப்போது அந்த டப்பாவை எடுங்கள். முறையான சித்த, ஆயுர்வேத மருந்தின் லேபிளில் தயாரிப்பாளரின் முழு முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்மானங்களின் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாமல் 14 இலக்க எண் ஒன்று மட்டும் இருந்தால் அது உணவுப் பொருளுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம். ஊறுகாய்க்கும் அதுதான். அதை வைத்துக்கொண்டு நோய் குணமாகும் என்று சொல்லவே கூடாது. ‘ஆயுஷ் அமைச்சகம் அங்கீகரித்தது’ என்பதும் புரட்டு. எந்த நிறுவனத்துக்கும் மருந்துக்கும் தாங்கள் அங்கீகாரம் தருவதில்லை என்று அந்த அமைச்சகமே பொது அறிவிப்பு கொடுத்திருக்கிறது.

புகார் கொடுக்க முடியுமா? சட்டம் 1954-லிருந்தே இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய் உண்டு. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. எழுபது வருடச் சட்டம் இருந்தும் தினமும் காலையில் இது ஒளிபரப்பாகிறது. மருந்து உரிமம் மாநிலத்திடம், சேனல் உரிமம் மத்திய அரசிடம், வழக்குப் போட வேண்டியது இன்னொருவர். ஆளுக்கொரு பக்கம் கை காட்டினால் போதும், பத்து வருடம் ஓடிவிடும். சித்த, ஆயுர்வேத மருந்து விளம்பரத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2018-ல் மருந்து விதிகளில் 170-ஆம் விதி வந்தது. 2024 ஜூலையில் மத்திய அரசே அதை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அடுத்த மாதம் அந்த நீக்கத்தை நிறுத்திவைத்து, 2025 ஆகஸ்டில் தவறான மருத்துவ விளம்பரங்கள் பற்றிய அந்த வழக்கையே முடித்துவிட்டது. புகாருக்கு ஓர் ஏற்பாடு செய்யுங்கள் என்று மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு வைத்ததும் உண்டு.

இருந்தாலும் கொடுங்கள். ஆதாரம் சரியாக இருக்க வேண்டும். மொபைலில் இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுங்கள். சேனல் சின்னம், ஓடும் போன் எண், ‘முழுமையாகக் குணமாகும்’, ‘மாத்திரையை நிறுத்தலாம்’ போன்ற வாக்கியம் மூன்றும் அதில் பதிவாக வேண்டும். தேதி, நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டப்பா, கூரியர் சீட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் சேனலுக்கே எழுத்தில் புகார் அனுப்புங்கள். கேபிள் டிவிக்கான 2021 விதிகளின்படி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு நகலை மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்கும், இன்னொன்றைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். பணத்துக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ‘மக்களை ஏமாற்றுகிறார்கள்’ என்று பொதுவாக எழுதினால் தாள் அப்படியே கிடக்கும். இந்தத் தேதி, இந்தச் சேனல், இந்த வாக்கியம், 1954 சட்டம் பிரிவு 3 என்று எழுதுங்கள்.

செட் டாப் பாக்ஸில் அந்தச் சேனலைப் பின் நம்பர் போட்டுப் பூட்டலாம். ஆனால் 64 வயதுக்காரரிடம் இது சண்டையில்தான் முடியும், அவர் யூடியூபில் அதையே தேடிப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவரை நடக்கக் கூட்டிப்போவது நல்லது. தினமும் டிவி முன் உட்காரும் ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். வந்தவருக்கும் உட்கார்ந்தே இருப்பது நல்லதல்ல.

கடைசியாக ஒன்று. புகார் கொடுத்த சில நாளில், ‘உங்கள் பணத்தை நாங்கள் மீட்டுத் தருகிறோம், 999 ரூபாய் கட்டணம்’ என்பதுபோல ஒரு போன் வரலாம். பட்டியலை விலைக்கு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். 1915-ல் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. பணமும் ஓடிபியும் கேட்கிறவர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.