மதுரைப் பக்கம் முகாமிடும்போது கேரவன் வண்டியைச் சமமாக நிறுத்துவது எப்படி? நான்கு மூலையிலும் ஹைட்ராலிக் ஜாக்கி பொருத்தச் சொல்கிறார்கள், அவசியமா?

ஜாக்கி பொருத்தச் சொன்னவர் அநேகமாக ஜாக்கி விற்பவராகத்தான் இருப்பார். டெம்போ டிராவலர் போன்ற வேனைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கும் உங்களுக்கு நான்கைந்து பலகைகள், இரண்டு முட்டுக்கட்டைகள், கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம் ஒன்று, இவை போதும். மீதியெல்லாம் இடம் பார்ப்பதில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் மண் ஒரே மாதிரி இருப்பதில்லை. மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண். இறுகிக் கிடக்கும், மழை பெய்தாலும் சீக்கிரம் வடியும். பலகை போட்டால் போட்ட இடத்தில் நிற்கும். திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் போனால் கரிசல். கோடையில் வெடித்துக் கிடக்கும்போது சிமெண்ட் தரை மாதிரி தெரியும். ஒரு மழை பெய்தால் ஊறி உப்பி, சக்கரத்தை விழுங்கிவிடும். மாலை ஆறு மணிக்கு ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த வண்டி, இரவு மழைக்குப் பிறகு ஒரு பக்கம் இறங்கி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் காட்டுக்குள் வண்டியை இறக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. வைகை மணலும் அப்படித்தான். பார்க்க மட்டமாக இருக்கும், சக்கரம் புதையும். சித்திரையில் அழகர் இறங்குவதற்கு மட்டுமல்ல, வேறு நாட்களிலும் அணையில் தண்ணீர் திறப்பார்கள். ஆற்றுக்குள் இரவு தங்குவது வேண்டாத வேலை.

என்னைக் கேட்டால் இரண்டு இடங்கள் சொல்வேன். ஒன்று, கல்யாண மண்டபத்து வாகன நிறுத்தம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். இன்னொன்று, சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் சிமெண்ட் நெற்களம். அறுவடை முடிந்த பிறகு, ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்தலாம். அங்கே ஒரு களத்தில் பெரியவர் ஒருவர் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றிக் காட்டினார். மழைநீர் வடிவதற்காகக் களத்தை ஒரு பக்கம் லேசாகச் சரித்துத்தான் கட்டுவார்களாம். தண்ணீர் ஓடிய திசையைப் பார்த்து வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்வான பக்கம் திருப்பி நிறுத்தினேன், பலகையே தேவைப்படவில்லை. காசு கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் இதைவிட நன்றாகச் சொல்லிவிடாது.

இப்போது கணக்கு. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.7 மீட்டர் என்றால், ஒரு டிகிரி சாய்வுக்கு 3 செ.மீ. உயர்த்த வேண்டும். முன் பின் அச்சுகளுக்கு நடுவே 3.5 மீட்டர் என்றால், அதே ஒரு டிகிரிக்கு 6 செ.மீ. அதனால் முதலில் பக்கவாட்டுச் சாய்வைச் சரிசெய்யுங்கள். மிச்சமிருக்கும் சாய்வு நீளவாக்கில் இருந்துவிட்டுப் போகட்டும், படுக்கும்போது தலை மேட்டுப் பக்கம் இருந்தால் சரி. பக்கவாட்டில் சரிந்திருந்தால் இரவெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் உருள வேண்டியதுதான். காலையில் கல்லில் ஊற்றிய தோசை மாவும் ஒரு பக்கமாக ஓடும்.

ரசமட்டத்தை டாஷ்போர்டில் வைக்காதீர்கள். படுக்கைக்கு அருகே வண்டித் தரையில் வைத்துப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி வண்டியின் அதே பக்கம் நின்றால் தரைதான் சரிந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் போனால் ரசமட்டமே கோளாறு. கைபேசிச் செயலியையும் இப்படியே சோதிக்கலாம்.

பலகைக்கு மரக்கடை ஏற வேண்டாம், கட்டட வேலையில் கழித்துப் போடும் சென்ட்ரிங் பலகை போதும். டயரைவிட அகலமாக இருக்க வேண்டும், விரிசல் இருக்கக் கூடாது. நீளம் குறைந்துகொண்டே போகிற மாதிரி மூன்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஆணி அடித்தால் படிக்கட்டு தயார். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டுமே பலகைமேல் ஏற வேண்டும், ஒற்றை டயரில் பாரம் நிற்கக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். நான்கு டன் வண்டியில் பின்பக்கம் ஒவ்வொரு புறமும் ஒரு டன்னுக்குக் குறையாமல் பாரம் இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

ஏற்றும்போது ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று சைகை காட்டட்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்க வேண்டாம். முதல் கியரில் மெதுவாக ஏற்றி, கைப்பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். மாசி வீதியில் தேருக்குக் கட்டை போடுகிறவரைப் போல, சக்கரத்தோடு ஒட்டி வைக்க வேண்டும். மூலைகளில் இறக்கும் தாங்குகால்கள் வண்டி ஆடாமல் இருக்கத்தான். அவற்றை முறுக்கி வண்டியைத் தூக்கினால் கால் வளையும் அல்லது சேஸிஸ் முறுக்கும்.

குளிர்சாதனப் பெட்டி எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. 12 வோல்ட் கம்ப்ரசர் வகையென்றால் கொஞ்சம் சாய்வு ஒரு பொருட்டே இல்லை. கேஸிலும் ஓடுகிற அம்மோனியா வகையென்றால் கவனம் தேவை. அதில் திரவம் புவியீர்ப்பால்தான் வழிந்து திரும்புகிறது. வண்டி நிற்கும்போது, பெட்டியின் கதவைப் பார்த்து நின்றால் இடவலமாக 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்பது பொதுவான எல்லை, உங்கள் பெட்டியின் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சரிந்தால் திரவம் குழாயில் தேங்கி, கொதிகலன் பகுதி சூடேறி, உள்ளே உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு பெட்டியையே மாற்ற வேண்டியதுதான்.

அப்படியும் கரிசலில் நிறுத்தித்தான் ஆக வேண்டும், இரவில் மழையும் பிடித்துக்கொண்டது என்றால், விடிந்ததும் கிளப்பாதீர்கள். மேல்மண் காய ஒரு பகல் வெயிலாவது வேண்டும். பக்கத்தில் யாரிடம் டிராக்டர் இருக்கிறது என்பதை முதல்நாள் மாலையே விசாரித்து, அவருடைய கைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.