ஓபியில் என்னத்தைக் கத்துக்கறதுங்க? – கேள்வி பதில்

கொங்குப் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓபியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், மாணவர்கள் என்ன படிக்க முடியும் என்று மாணவர்கள், இளம் ஆசிரியர்கள், ஒரு தகப்பனார், ஒரு நோயாளி எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டு மாணவி, பெருந்துறை: மேடம், ஓபி போஸ்டிங்கில் சாருக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறோம். நோயாளி வருகிறார், சீட்டு எழுதுகிறார்கள், போய்விடுகிறார். ஒன்றுமே மனதில் பதிவதில்லை. வார்டு என்றால் ஒரு கேஸாவது எடுக்கலாம்.

பின்னால் நின்றுகொண்டிருந்தால் பதியாதுதான் அம்மிணி. ஒரே ஒரு நோயாளியைக் கேட்டு வாங்கிக்கொள். "சார், அடுத்து வர்ற புது நோயாளிகிட்ட நான் முதல்ல பேசிட்டு உங்ககிட்ட கூட்டிட்டு வரட்டுங்களா?" என்று கேள். பெரும்பாலும் சரி என்பார்கள், அவர்களுக்கும் அது ஒத்தாசைதான். வராண்டா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பேசு. பேசி முடித்ததும், ஸ்டெத்தைத் தொடுவதற்கு முன்பே, இது இன்ன நோயாக இருக்கும் என்று உன் நோட்டில் ஒரு வரி எழுதிவிடு. அப்புறம் பரிசோதனை செய், அப்புறம் சாரிடம் போ. கடைசியில் சீட்டில் என்ன எழுதினார்களோ அதை உன் வரிக்குப் பக்கத்தில் எழுது.

ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்றால், 1975-ல் பிரிட்டனில் ஒரு பொது மருத்துவ ஓபியில் 80 புது நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அனுப்பிய டாக்டரின் கடிதத்தைப் படித்து, நோயாளியிடம் பேசி முடித்தபோது சொன்ன நோயே 66 பேருக்குக் கடைசிவரை நின்றது. பரிசோதனையால் மாறியது 7 பேருக்கு, டெஸ்ட்டுகளால் மாறியது 7 பேருக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ ஸ்கேன் வந்துவிட்டது. ஆனாலும் அசதி, தலை கிறுகிறுப்பு, கைகால் மதமதப்பு என்று வருகிறவர்களுக்கு இன்றைக்கும் பேச்சுத்தான் வழி காட்டுகிறது. வார்டில் படுத்திருப்பவரின் நோய்க்குக் கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே பெயர் எழுதியிருக்கும். ஓபியில் உள்ளே நுழைகிறவரின் நோய்க்கு இன்னும் பெயரே வைக்கவில்லை.

இன்னொன்று. அவர் மறுபடி என்றைக்கு வரவேண்டும் என்று சீட்டில் பார்த்து வைத்துக்கொள். உன் போஸ்டிங் மாறியிருந்தாலும் அன்றைக்குப் போய்ப் பார். நாம் கொடுத்த மாத்திரை வேலை செய்ததா, அதை அவர் சாப்பிட்டாரா இல்லையா என்பதெல்லாம் இரண்டாவது தடவைதான் தெரியும். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். ஒரு தடவை பார்த்த நோயாளி ஒரு கேஸ். மூன்று தடவை பார்த்தால் வைத்தியம் என்றால் என்ன என்று தெரிய ஆரம்பிக்கும்.

இறுதியாண்டு மாணவர், சேலம்: பரீட்சையில் ஒரு நோயாளியை முழுக்க விசாரித்துப் பரிசோதிக்கும் லாங் கேஸுக்கு நிறைய நேரம் தருகிறார்கள். ஓபியில் மூன்று நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. படித்தபடி எப்படிக் கேட்பது?

படித்தபடி கேட்க முடியாது தம்பி, கேட்கவும் வேண்டாம். "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். குறுக்கே பேசாவிட்டால் முக்கால்வாசிப் பேர் ஒன்றிரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். அடுத்து, "இத்தனை நாள் இருந்துட்டு இன்னைக்கு வந்தது எதனாலங்க?" என்று கேள். மூன்று மாதமாக முட்டி வலிக்கும் அம்மா இன்றைக்கு ஏன் பஸ் ஏறினார்? பக்கத்து வீட்டுக்காரிக்குக் கிட்னி போய்விட்டது, தனக்கும் வலி மாத்திரையால் அப்படி ஆகிவிடுமோ என்ற பயமாக இருக்கும். அதைக் கேட்காமல் இன்னொரு வலி மாத்திரை எழுதினால் அவர் வந்த காரியம் நடக்கவில்லை. மூன்றாவதாக, "வேற ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்று கேள். எழுந்து கதவுவரை போய்விட்டு, திரும்பி நின்று சொல்வதில்தான் பல நேரம் சங்கதி இருக்கும்.

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்காரர்கள் வந்தால் ஒன்றைக் கவனி. வருஷக்கணக்கில் பவர்லூம் சத்தத்தில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கும். நீ கேட்பதற்கெல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்பார். அதைச் சீட்டில் எழுதி வைத்தால் அத்தனையும் தப்பு. நேராக முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசு.

ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்), கோவை: சுகர், பிரஷர் கிளினிக்கில் எனக்குக் கொடுத்த வேலை 'ரிபீட் ஆல்', அதாவது பழைய மாத்திரைகளையே திரும்பக் கொடுக்கச் சொல்லி எழுதுவதுதான். இதில் கற்க என்ன இருக்கிறது?

நான் மாணவர்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததே அந்த மேஜையில்தான் கண்ணு. 'ரிபீட்' எழுதுவதற்கு முன் பழைய சீட்டை மேலிருந்து கீழே ஒரு தடவை படி. ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பிறகு கணுக்கால் வீங்கியிருக்கும், அதற்கு ஒருவர் நீர் மாத்திரை சேர்த்திருப்பார். எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையால் வரும் வறட்டு இருமலுக்கு வேறொருவர் சிரப் எழுதியிருப்பார். மாத்திரையால் வந்த தொந்தரவுக்கே மாத்திரை. வருஷக்கணக்காகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்குக் கால் எரிச்சல் என்றால் அது சர்க்கரையால் மட்டும்தான் என்று விட்டுவிடாதே, வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம்.

படித்துவிட்டு, "மாத்திரையை எப்ப எப்ப போடறீங்க?" என்று கேள். சரியாக போடறீங்களா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவருக்குச் சீட்டில் இருக்கும் 'காலை 1, இரவு 1' எந்த நேரம்? காலையில் வீட்டுக்கு வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தூங்கிவிடுகிறார். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் லோ சுகர்தான். புரட்டாசிச் சனிக்கிழமை விரதமும் அதே கதை.

மார்கழி மாதம் வந்துவிட்டால் ஒவ்வொரு சர்க்கரை நோயாளியிடமும், "பழனிக்கு நடக்கறீங்களா?" என்று கேள். தைப்பூசத்துக்கு நம் பக்கத்தில் எத்தனை பேர் வெறுங்காலில் பாதயாத்திரை போகிறார்கள்! கால் உணர்ச்சி குறைந்தவருக்குத் தார் ரோட்டுச் சூட்டில் கொப்புளம் வந்ததே தெரியாது. போகாதீர்கள் என்று சொன்னால் உங்களிடம் சொல்லாமல் போவார். செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடவைத்து, 10 கிராம் மோனோஃபிலமென்டை, அதாவது உணர்ச்சி பார்க்கும் நைலான் இழையை, கட்டைவிரலிலும் பாதத்தின் முன்பகுதியிலும் அது லேசாக வளையும்வரை அழுத்திப் பார். அவருக்குத் தெரியவில்லை என்றால் அதை அவருக்கே செய்து காட்டு. "சாமி கோவிச்சுக்காதுங்க, செருப்போட நடங்க, ராத்திரி தங்கற இடத்துல உள்ளங்காலைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பு. எங்கள் ஊர் அம்மா ஒருவர் கண் சரியாகத் தெரியவில்லை என்று பேத்தியை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பிள்ளை ஒரு குண்டூசியைக் கண்டுபிடித்தது.

உதவிப் பேராசிரியர், கொங்கு மண்டலம்: எங்கள் யூனிட் ஓபி நாளில் தலை நிமிர நேரமில்லை. இதில் மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

எல்லா நோயாளியிடமும் பாடம் எடுக்க முடியாதுங்க. காலையில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், போதும். 1992-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் எழுதிய ஒரு முறை இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்குள் முடியும். மாணவர் கேஸைச் சொன்னதும் உடனே விடையைச் சொல்லாமல், "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். அப்புறம் "எதை வெச்சு அப்படிச் சொல்றே?" அவர் சொன்னதிலிருந்து பொதுவான விதி ஒன்றைச் சொல்லுங்கள், சரியாகச் செய்ததை இன்னது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள், தவறைத் திருத்துங்கள். பாடம் முழுக்க நடத்தத் தேவையில்லை.

முதல் கேள்விதான் கடினம். பிள்ளைகள் மழுப்புவார்கள். "தப்பா இருந்தாலும் பரவால்ல, ஒண்ணு சொல்லு" என்று பொறுத்திருக்க வேண்டும். நோயாளி எதிரில் திட்டினால் அந்த மாணவர் அந்த வருஷம் முழுக்க வாய் திறக்க மாட்டார், நோயாளிக்கும் பயம் வந்துவிடும். கண்டிக்க வேண்டியதை ஓபி முடிந்ததும் தனியாகச் சொல்லுங்கள்.

ஒரு மாணவரின் தந்தை, கரூர்: பையன் ஓபிக்குப் போவதை விட்டு லைப்ரரியில் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்கிறான். விட்டுவிடலாமா?

விடாதீங்க. சாயங்காலம் படிக்கட்டும். காலையில் ஓபியில் ஒரு தைராய்டு நோயாளியைப் பார்த்துவிட்டு ராத்திரி அந்தப் பாடத்தைப் படித்தால் மறக்காது.

நோயாளி, கோபிசெட்டிபாளையம்: மாணவர்கள் சுற்றி நிற்கும்போது சில விஷயங்களைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறதுங்க. வேண்டாம் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாமுங்க. அதனால் உங்கள் வைத்தியம் ஒரு துளியும் குறையக் கூடாது. மாணவர்களுக்கும் சொல்கிறேன்: தொடுவதற்கு முன் பெயர் சொல்லி, "நான் இங்க படிக்கிற மாணவன், பார்க்கட்டுங்களா?" என்று கேட்டே ஆகவேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் கேட்காமலே சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஹவுஸ் சர்ஜன், தாராபுரம்: ஓபியில் எதைத் தவறவிடக் கூடாது?

'வாயுப் பிடிப்பு'. நடுத்தர வயதுக்காரர், வேர்த்திருக்கிறது, மேல் வயிற்றில் அழுத்துகிறது, சோடா குடித்தும் கேட்கவில்லை என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம், வாயு மாத்திரைக்கு முன் இசிஜி. வந்த 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். சர்க்கரைக்காரருக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வேர்வையும் மட்டும் வரலாம். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டியவர் இவர். அதனால் ஓபி தொடங்கும் முன் பெஞ்சுகளை ஒரு சுற்றுச் சுற்றி முகங்களைப் பார்.

மூன்றாம் ஆண்டு மாணவர், நாமக்கல்: பிரஷர் பார்ப்பதையே ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள்.

5 நிமிடம் உட்கார வை. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் இருக்க வேண்டும், கையை மேஜை தாங்க வேண்டும், பேசக் கூடாது. இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றாதே, அது கையைப் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை இரண்டு கையிலும் பார். வயதானவருக்கு, தலை சுற்றுகிறது என்பவருக்கு, நிற்க வைத்தும் 3 நிமிடத்துக்குள் பார்: மேல் அளவு 20 குறைந்தால் மாத்திரைகளை யோசிக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு மாணவி, ஊட்டி: மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே போய்விடுகிறதே, ஓபியில் அந்த நோயாளிகளை எப்படித் தொடர்ந்து பார்ப்பது?

2021-ல் வந்த திட்டம் அது, கூலி வேலையை விட்டு வரமுடியாதவர்களுக்குப் பெரிய உதவி. நீ அவர்கள் வீட்டுக்குப் போ. குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் வீடுகளில் சர்க்கரையோ கொதிப்போ உள்ளவர் யாராவது இருப்பார். அவரையே உன் நோயாளியாக வைத்துக்கொள். மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டச் சொல். அவர் ஓபிக்கு வரும் நாளில் நீயும் கூட வா. கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பமாக இருந்தால் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறதா என்று கேட்காமல் ரத்தசோகைக்கு வெறும் இரும்பு மாத்திரையோடு நிறுத்திவிடாதே.

முதல் போஸ்டிங் போகும் மாணவி, ஈரோடு: என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

ஸ்டெத், டார்ச், முட்டியில் தட்டிப் பார்க்கும் சுத்தியல், இஞ்ச் டேப், அதிர்வு உணர்ச்சி பார்க்க 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க், மோனோஃபிலமென்ட். கோட் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு. அதில் நோயாளியின் பெயரை எழுதாதே. என்ன தொந்தரவு, நீ என்ன நினைத்தாய், மறுபடி வரும் தேதி, இந்த மூன்று போதும்.