சைபர்ட்ரக்குக்கு 18 லட்சம் கட்டிட்டு மூண்டு வருசமா பாத்துக்கொண்டிருக்கிற தம்பிக்கு

கேள்வி: கொழும்பு கெய்சர் வீதிக்குப் பக்கத்தில துணிக்கடை வச்சிருக்கிறன். 2022 கடைசியில ஒருத்தர் டெஸ்லா கொம்பனின்ட சைபர்ட்ரக் எண்ட மின்சார பிக்கப் எடுத்துத் தாறன் எண்டு 18 லட்சம் அட்வான்ஸ் வாங்கினார். கனடா கோட்டாவில நம்பர் போட்டாச்சு, கொம்பனி ரிலீஸ் பண்ணின உடன முதல் கப்பல்ல வரும் எண்டார். கையில இருக்கிறது ஒரு வவுச்சர் துண்டும் வாட்ஸ்அப் மெசேஜுகளும்தான். போன மாசம் கோல் எடுத்து, வாகனம் ஹம்பாந்தோட்டையில நிக்குது, கஸ்டம்ஸ் ரிலீஸுக்கு இன்னும் 25 லட்சம் உடன போடோணும் எண்டு சேஸி நம்பரும் அனுப்பினார். போடவோ, பொறுக்கவோ?

பதில்: போடாதீங்க தம்பி. 25 லட்சம் இல்ல, 25 ரூபாவும் போடாதீங்க. மிச்சத்த வாசிக்க நேரமில்லாட்டி இவ்வளவும் காணும், கடையத் திறங்க.

நேரம் இருந்தா வாசிங்க. துறைமுகத்தில வாகனம் கிளியர் பண்ணுற வேலையில என்ட தலைமுடி நரைச்சது, இப்பிடி மாசம் ரெண்டு மூண்டு பேராவது என்னட்டக் கேக்கினம், வாகனத்தின்ட பேர் மட்டும்தான் மாறும் கதை ஒண்டுதான்.

முதல்ல அந்த சேஸி நம்பர். நீங்க அனுப்பின போட்டோவ பெருசாக்கிப் பாத்தன். 17 எழுத்து சரியாத்தான் இருக்கு, ஆனா தொடங்கிறது 5வைஜே3 எண்டு. அது டெஸ்லான்ட கலிஃபோர்னியா ஃபேக்டரியில செய்யிற மொடல் 3 காருக்குப் போடுற தொடக்கம். சைபர்ட்ரக் டெக்சாஸில செய்யிறது, அதுக்கு 7ஜி2 எண்டுதான் தொடங்கும். அடுத்தது பத்தாவது எழுத்து, அதுதான் மொடல் வருசம். 2024 எண்டா ஆர், 2025 எண்டா எஸ். உங்கட நம்பரில இருக்கிறது ஜே, அதாவது 2018. இந்த ட்ரக்க உலகத்துக்குக் காட்டினதே 2019 நவம்பர் 21ம் திகதி, லொஸ் ஏஞ்சலீஸ் பக்கம், உடையாத கண்ணாடி எண்டு சொல்லி இரும்புக் குண்டால எறிஞ்சு கண்ணாடி வெடிச்சுதே அந்தக் கூட்டத்தில. பிறக்காத பிள்ளைக்கு ஒரு வருசம் முந்தியே பேர்த் சேர்ட்டிபிகேட் எடுத்த மாதிரி இருக்கு உங்கட ஆள்ட வேலை. அமெரிக்காவில அடிபட்டு ஏலத்துக்கு வந்த ஏதோ ஒரு காரின்ட படத்தில இருந்து நம்பரக் கொப்பி பண்ணியிருப்பார் எண்டுதான் நினைக்கிறன். இன்னொண்டும் ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க, சேஸி நம்பரில ஐ, ஓ, கியூ எண்ட மூண்டு இங்கிலிஷ் எழுத்தும் வரவே வராது, ஒண்டோட சைபரோட குழம்பும் எண்டு விட்டிருக்கினம். ஆராவது அப்பிடி ஒரு நம்பர் அனுப்பினா திருப்பிக் கோல் எடுக்கவும் தேவையில்ல.

அடுத்தது இந்த "ரிலீஸ்" எண்ட சொல். உங்கள மூண்டு வருசம் கட்டி வச்சது இதுதான். கொம்பனி வாகனத்த வெளியில விடுறது ஒரு ரிலீஸ், துறைமுகத்தில கஸ்டம்ஸ் விடுறது வேற ரிலீஸ். புரோக்கர்மார் இது ரெண்டையும் ஒண்டாக் குழைச்சுத்தான் கதைப்பினம். கொம்பனி பிந்தினது உண்மை, அது பேப்பரில எல்லாம் வந்தது. 2021ல வரும் எண்டாங்கள், பிறகு 2022, பிறகு 2023, கடைசியில 2023 நவம்பர் 30ம் திகதிதான் ஒஸ்டினில வச்சு முதல் ஆக்களுக்குச் சாவி குடுத்தது. 39,900 டொலரில தொடங்கும் எண்டு சொன்ன வாகனம் வரேக்க ரெண்டு மோட்டர்க்காரன் 79,990 டொலர். இந்த உண்மையான பிந்தலுக்குள்ள இவர் தன்ட பொய்ப் பிந்தல ஒளிச்சு வச்சிருக்கிறார். நீங்க நியூஸில "மீண்டும் தாமதம்" எண்டு பாக்கேக்க இவர் சொன்னது சரிதானே எண்டு நினைச்சிருப்பீங்க, அதுதான் அவருக்கு வேணும்.

அந்த வரிசையில நிக்க கொம்பனி கேட்டது 100 டொலர். அதுவும் வேண்டாம் எண்டா திருப்பித் தாற காசு. 2019ல எங்கட காசுக்கு 18,000 ரூபா மாதிரி. உங்களிட்ட வாங்கினது 18 லட்சம். கனடா கோட்டா எண்டு ஒண்டும் கிடையாது. 2022 மே மாசத்தோட வட அமெரிக்காவுக்கு வெளியில புது ஓர்டர் எடுக்கிறதயே கொம்பனி நிப்பாட்டிப் போட்டுது, இவர் உங்களிட்ட வந்தது அதுக்கும் பிறகு.

இதவிடப் பெரிய விசயம் ஒண்டு இருக்கு, இதுல எனக்குக் கோவமும் வருது. 2022 கடைசியில இந்த நாட்டுக்குள்ள உங்கள மாதிரி ஒரு தனியாள் வாகனம் இறக்கவே ஏலாது, வெளிநாட்டில உழைச்சு டொலர் அனுப்பின ஆக்களுக்கு மட்டும்தான் மின்சார வாகன அனுமதி. வாகன இறக்குமதிய 2020 மார்ச்சில மூடினது, டொலர் இல்லாமப் போய் அப்பிடியே கிடந்து, தனியார் வாகனத்துக்குத் திறந்தது 2025 பெப்ரவரி 1ம் திகதி. கிட்டத்தட்ட அஞ்சு வருசம்! அந்த அஞ்சு வருசமும் கொழும்பில புரோக்கர்மார் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டுதான் இருந்தவை, ஆரும் ஏனெண்டு கேக்கேல்ல. கெசட்டுக்கு மேல கெசட் வரும், ராத்திரி அடிச்சு காலையில அமுல், எங்கள மாதிரித் தொழில் செய்யிற ஆக்களே பிரிண்ட் எடுத்து லைனுக்கு லைன் கோடு போட்டுத்தான் விளங்கிக்கொள்ளுறது, சாதாரண சனத்துக்குத் தமிழில ஒழுங்கா ஒரு பக்கம் எழுதி ஒட்ட ஆளில்ல. பிறகு ஏன் புரோக்கர் பிழைக்க மாட்டான்.

சரி, இப்ப திறந்திருக்குத்தானே, இப்பவாவது கொண்டு வரலாமோ எண்டு கேப்பீங்க. ஏலாது. சைபர்ட்ரக் ஸ்டியரிங் இடப்பக்கம், வலப்பக்கம் வச்சு அவங்கள் செய்யிறதில்ல. எங்கட ரோட்டுக்கு வலப்பக்க ஸ்டியரிங்தான், இடப்பக்கத்தான இறக்கி உங்கட பேரில ரெஜிஸ்டர் பண்ண விடாங்கள்.

இதுக்கு அடுத்த மாசம் உங்கட ஆள் என்ன சொல்லுவார் எண்டு இப்பவே சொல்லுறன். "அண்ணை, இது வயர் ஸ்டியரிங், நடுவில தண்டு இல்ல, கழட்டி மற்றப் பக்கம் பூட்டினாச் சரி, வாகனச் சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில மெக்கானிக் பாஸ் ஒருத்தர் இருக்கிறார்." அதில பாதி உண்மை, அதுதான் ஆபத்து. இந்த ட்ரக்கில ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் இடையில இரும்புத் தண்டு இல்லத்தான், வயரால போற சிக்னல்தான். ஆனா பிரேக் பெடலுக்கு ஒயில் லைன் இருக்கு, டாஷ்போர்ட், எயார்பேக், வைப்பர், எல்லாம் ஒரு பக்கத்துக்கு எண்டு செய்தது. சாதாரண காரில 12 வோல்ட் ஓடுற இடத்தில இதில 48 வோல்ட். மூண்டு தொன் பாரம் உள்ள வாகனத்தின்ட பிரேக்க இடம் மாத்தி பூட்டிப்போட்டு கொழும்பு காலி வீதியில இறங்கச் சொல்லுற பாஸ முதல்ல அவர்ட குடும்பத்த அதில ஏத்தி ஓடிக் காட்டச் சொல்லுங்க.

அது சரிவராட்டி அடுத்த கதை எம்பசி. இதக் கொஞ்சம் நிண்டு சொல்லோணும், ஏனெண்டா கன பேர் விழுறது இதுலதான். வெளிநாட்டுத் தூதரகத்து ஆக்கள் தங்கட பாவனைக்கு வாகனம் கொண்டு வரலாம், தீர்வை இல்லாம. 1996ம் ஆண்டு 9ம் இலக்க இராசதந்திர சிறப்புரிமைச் சட்டம் எண்டு இருக்கு, அதுக்குக் கீழ வாற சலுகை. அதுல இடப்பக்க ஸ்டியரிங் வாகனமும் எப்பவாவது ஒண்டு ரெண்டு வந்திருக்கு, கொள்ளுப்பிட்டிப் பக்கம் நீங்களே கண்டிருப்பீங்க. அதக் காட்டித்தான் "அண்ணை பாருங்கோ அது எப்பிடி ஓடுது, அவர் மாறிப் போறார், நான் பேசி எடுத்துத் தாறன்" எண்டு தொடங்குவினம். அந்தச் சலுகை வாகனத்துக்கு இல்ல தம்பி, ஆளுக்கு. ஆள் போனா சலுகையும் போகும். அவர் விக்கிறதெண்டா வெளிவிவகார அமைச்சின்ட அனுமதி எடுக்கோணும், விடுபட்ட தீர்வையக் கஸ்டம்ஸுக்குக் கட்டோணும், பிறகு வாங்கிற உங்கட பேருக்கு ரெஜிஸ்டர் ஆகோணும், அங்க வந்து அதே இடப்பக்க ஸ்டியரிங் பிரச்சினை திரும்ப முன்னால நிக்கும். அப்ப என்ன செய்வினம்? "பேர் மாத்தாம ஓடுங்கோ, ஓபன் பேப்பரில தாறன்" எண்டுவினம். ஓபன் பேப்பர் எண்டா அடிபட்டா இன்சூரன்ஸ் இல்ல, பொலிஸ் பிடிச்சா வாகனம் இல்ல, வித்தவர் நாட்டிலயே இல்ல. எம்பசி எண்ட சொல் காதில விழுந்தா எழும்பி வந்திடுங்க, தேத்தண்ணியும் குடிக்காதீங்க.

உங்கட ஆள் சொன்ன மாதிரி உண்மையிலயே ஒரு வாகனம் ஹம்பாந்தோட்டையில நிண்டா அதுக்குப் பேப்பர் இருக்கும். பேங்கில திறந்த எல்.சி., அதாவது காசுக்குப் பேங்க் குடுக்கிற உறுதிக் கடிதம் இருக்கும், சரக்கு ஏத்தினதுக்குக் கப்பல்காரன் குடுத்த பில் ஒஃப் லேடிங் இருக்கும், கஸ்டம்ஸ் டிக்ளரேசன் இருக்கும். மூண்டிலயும் இறக்குமதி செய்யிறவர்ட பேர் இருக்கும், சேஸி நம்பர் ஒத்துப்போகும். இதக் கேளுங்க, வேற ஒண்டும் கேக்காதீங்க. தீர்வைக் காசு போறது கஸ்டம்ஸுக்கு, ஒரு ஆள்ட சொந்த சேவிங்ஸ் எக்கவுண்டுக்கு இல்ல. "டிரான்ஸ்ஃபர் பண்ணி ஸ்லிப்ப வாட்ஸ்அப் பண்ணுங்கோ" எண்டு எந்தக் கஸ்டம்ஸும் சொல்லாது. மின்சார வாகனத்துக்கு வரி மோட்டரின்ட கிலோவாட்டிலதான் ஏறும், 2025ல அந்தக் கிலோவாட் எவ்வளவு எண்ட சண்டையில நூத்துக்கணக்கான புது மின்சாரக் கார் கஸ்டம்ஸில மாட்டி கோர்ட்டுக்குப் போய் பேங்க் கேரண்டியிலதான் வெளிய வந்தது. பழைய நிசான் லீஃப் 80 கிலோவாட். இந்த ட்ரக் ரெண்டு மோட்டரிலயே 440க்கு மேல. இதுக்கு 25 லட்சத்தில ரிலீஸ் எண்டா அவர் வரி அட்டவணையக் கண்ணாலயும் கண்டிருக்க மாட்டார், 2023ல வந்த நேரத்து அமெரிக்க விலையே எங்கட காசுக்கு ரெண்டேகால் கோடியத் தாண்டினது.

இப்ப காசு. இதுக்குத்தான் அவசரம்.

எழுத்தில உள்ள ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 வருசம், வாய்ப்பேச்செண்டா 3 வருசம், காலாவதிக் கட்டளைச் சட்டம் எண்டு 1871ம் ஆண்டில இருந்து இருக்கிற சட்டம். உங்கட வவுச்சர் துண்டு இந்த ரெண்டில எதுக்குள்ள வரும் எண்டு புதுக்கடைக் கோட்டுப் பக்கம் ஒரு லோயர் பாத்துச் சொல்லோணும், இந்தக் கிழமையே போங்க. "அடுத்த மாசம், அடுத்த கப்பல்" எண்டு இழுக்கிறவன் உங்களச் சமாளிக்கிறான் எண்டு நினைக்காதீங்க, நாள எண்ணிக்கொண்டிருக்கிறான். எனக்கே நடந்தது. 2000களில ஒரு இறக்குமதிக்காரர் என்ட கிளியரிங் காசு ஏழு லட்சத்த இப்பிடிச் சிரிச்சுச் சிரிச்சே தள்ளி, நான் லோயரிட்டப் போகேக்க மூண்டு வருசமும் ரெண்டு மாசமும். லோயர் ஃபைல மூடித் தந்தார், ஃபீஸும் எடுக்கேல்ல, அதுதான் கூட வெக்கமாப் போச்சு.

ஆளோட சண்டை பிடிக்காதீங்க, இப்ப அவர் உங்களிட்ட 25 லட்சம் வரும் எண்டு நினைக்கிறார், அந்த நினைப்பு இருக்கேக்கயே ஒரு காரியம் செய்யுங்க. "பேங்கில கேக்கினம், நான் முந்தித் தந்த 18 லட்சத்துக்கு திகதியோட, ஐடி நம்பரோட ஒரு கடிதம் கையெழுத்து வச்சுத் தாங்கோ, மிச்சத்தப் பாப்பம்" எண்டு கேளுங்க. கடன எழுத்தில ஒத்துக்கொண்டா காலக் கணக்கு அண்டையில இருந்து புதுசாத் தொடங்கும். வாட்ஸ்அப் மெசேஜ் ஒண்டையும் அழிக்காதீங்க, போன மாத்தவும் வேணாம், 2006ல வந்த இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு அதுவும் சாட்சிதான். கடிதம் கைக்கு வந்த பிறகு லோயர் மூலமா காசத் திருப்பிக் கேட்டு டிமாண்ட் லெட்டர். அதோட பொலிஸில மோசடி முறைப்பாடு, இறக்குமதி தடையா இருந்த நேரத்தில இறக்குமதிக்கெண்டு காசு வாங்கினார் எண்டத முதல் வரியிலயே எழுதுங்க, பொய்யான சேஸி நம்பர ரெண்டாவது வரியில. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பர் இருக்கு, எடுக்கலாம், கவுண்டரில உங்கள நாலு மேசைக்கு அனுப்புவினம், அனுப்பட்டும், இலக்கம் போட்ட ஒரு துண்டு வாங்காம வெளிய வராதீங்க.

மற்றது, நீங்க கேக்காத ஒண்டு. ட்ரக் நீளம் 5.68 மீற்றர், கண்ணாடிய விரிச்சா அகலம் 2.4. கெய்சர் வீதியில காலை பத்து மணிக்கு மூட்டை தூக்கிற நாட்டாமைமார் தள்ளுவண்டியோட நிக்கேக்க இத எங்க கொண்டுபோய்த் திருப்புவீங்க? வீட்டில 30 அம்பியர் கரண்ட் எண்டா 230 வோல்ட்டுக்கு 7 கிலோவாட்தான் வரும், இதின்ட பேட்டரி 123 கிலோவாட்-மணி, ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓடாமலே சார்ஜ் ஏற 18 மணித்தியாலம். துணிக்கட்டு ஏத்த டிமோ பட்டா எண்ட சின்ன லொறி ஒண்டு காணும். 18 லட்சம் திரும்பக் கைக்கு வந்தா சொல்லுங்க, எஞ்சின் நல்ல ஒண்டு பாத்துத் தாறன், எனக்குக் கொமிஷன் வேணாம்.