ஈராக் தோற்ற நாடா, தோற்கடிக்கப்பட்ட நாடா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஈராக் தானாகத் தோற்கவில்லை, 2003இல் அமெரிக்கா படையெடுத்துத் தோற்கடித்தது என்கிறீர்கள். ஆனால் அரசாங்கம் செயலிழந்த நாடுகளை வரிசைப்படுத்தி 2005இல் வந்த முதல் 'தோல்வியுற்ற நாடுகள்' பட்டியலிலேயே ஈராக்குக்கு நான்காம் இடம். 2007இல் இரண்டாம் இடம். இதற்குப் பிறகும் விவாதம் எதற்கு?

பதில்: பட்டியலை வெளியிட்டது வாஷிங்டனில் இருக்கும் தனியார் ஆய்வு நிறுவனம். கணக்கில் பொய் இல்லை. அன்று பாக்தாதில் தெருவில் இறங்கிய எவரும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார். ஆனால் 'தோல்வியுற்ற' என்பது தன்வினை. பானை உடைந்தது என்கிறோம். உடைத்தவர் அங்கேயே துப்பாக்கியோடு நிற்கும்போது பிறவினையிலும் ஒரு வாக்கியம் எழுத வேண்டாமா? என் சண்டை அவ்வளவுதான்.

கேள்வி: அரசே இல்லாமல் போனால் நாடும் இல்லை என்றுதானே பொருள்?

பதில்: இந்தக் குழப்பத்தில் பாதி நம் மொழியில் இருக்கிறது. 'அரசு' என்ற ஒரே சொல்லால் ஆட்சியையும் சொல்கிறோம், நாடு என்ற சட்ட உருவத்தையும் சொல்கிறோம். 1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ ஒப்பந்தம் ஒரு நாட்டுக்கு நான்கு அடையாளங்களைக் கூறுகிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் திறன். ஒரு முறை நாடாகிவிட்டால், பிறகு அரசாங்கம் சரிந்தாலும் நாடு சாவதில்லை. 1991இல் சோமாலியாவின் ஆட்சி கலைந்தது; பல ஆண்டுகள் மத்திய அரசாங்கமே இல்லை. ஆனாலும் சோமாலியா என்ற நாடு இல்லை என்று எவரும் அறிவிக்கவில்லை.

கேள்வி: 1990 ஆகஸ்டில் நான் குவைத்தில் வேலையில் இருந்தேன். ஈராக் படை வந்தது, சில வாரங்களில் கையிலிருந்த குவைத் தினார் செல்லாது என்றார்கள். அம்மான் வழியாகத்தான் ஊர் திரும்பினேன். அந்த ஏழு மாதமும் குவைத் 'தோல்வியுற்ற நாடா'?

பதில்: இல்லை, அண்ணா. ஈராக் அதிபர் சதாம் உசேன் அதைத் தன் பத்தொன்பதாவது மாகாணம் என்றார். அந்த இணைப்பு செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஆகஸ்ட் 9ஆம் தேதியே தீர்மானம் போட்டது. குவைத் மன்னரான அமீரின் அரசாங்கம் சவூதியின் தாயிஃப் நகரிலிருந்து இயங்கியது. உங்களை யாரும் தோற்ற நாட்டிலிருந்து வந்தவர் என்று சொல்லவில்லை, பறிகொடுத்த நாட்டிலிருந்து வந்தவர் என்றுதான் பார்த்தார்கள். 2003இல் அதே பார்வை ஈராக்குக்கு ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: அமெரிக்கா 'விடுதலை' என்றது. ஆக்கிரமிப்பு என்பது உங்கள் அரசியல் இல்லையா?

பதில்: பாதுகாப்பு அவையின் 2003 மே 22ஆம் தேதியிட்ட 1483ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் ஆக்கிரமிப்பு வல்லரசுகள் என்று அதிலேயே இருக்கிறது. இரண்டும் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தன. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 43ஆவது பிரிவு, பொது ஒழுங்கையும் பாதுகாப்பையும் மீட்பது ஆக்கிரமித்தவரின் கடமை என்கிறது. இந்தக் கடமைதான் எனக்கு முக்கியம்.

கேள்வி: சதாம் காலத்திலேயே செல்லரித்துப்போன நிர்வாகம்தானே? யார் வந்திருந்தாலும் விழுந்திருக்கும்.

பதில்: பாதி உண்மை. 1990 முதல் இருந்த பொருளாதாரத் தடை மருத்துவமனை, பள்ளி, மின்நிலையம் எல்லாவற்றையும் அரித்துவிட்டிருந்தது. ஆனால் ஒன்று உயிரோடு இருந்தது: ரேஷன். மாவு, அரிசி, சர்க்கரை, எண்ணெய், தேயிலை எனக் குடும்ப அட்டைக்கு மாதாமாதம் கிடைக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முகவர், பெரும்பாலும் தெருமுனை மளிகைக் கடைக்காரர். நம்மூர் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். படையெடுப்புக்குப் பிறகும் அது தொடர்ந்தது. 2005 ஜனவரி 30 தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரிக்க வந்தவர்கள் கடைசியில் எடுத்துக்கொண்டது எதை? சதாம் காலத்து ரேஷன் பதிவேட்டைத்தான். தோற்றுப்போன நிர்வாகத்தின் பேரேட்டை வைத்துத்தான் புதிய ஜனநாயகமே பிறந்தது!

எது விழுந்தது, எப்போது விழுந்தது என்பதற்குத் தேதி இருக்கிறது. ஈராக்கை ஆள அமெரிக்கா நியமித்த நிர்வாகி பால் பிரெமர் 2003 மே 16 அன்று போட்ட முதல் ஆணை, சதாமின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை வேலையிலிருந்து நீக்கியது. மே 23 அன்று வந்த இரண்டாம் ஆணை ராணுவத்தைக் கலைத்தது. லட்சக்கணக்கான வீரர்கள் ஒரே நாளில் சம்பளமில்லாமல் நின்றார்கள். பலர் துப்பாக்கியோடு வீடு போனார்கள். அதற்கு முந்தைய மாதமே தேசிய அருங்காட்சியகத்திலிருந்து ஏறத்தாழ 15,000 பொருள்கள் களவுபோயிருந்தன. எண்ணெய் அமைச்சக வாசலில் மட்டும் அமெரிக்க டாங்கிகள் நின்றன.

கேள்வி: 2004 ஜூன் 28இல் இறையாண்மையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே. அதற்குப் பிறகும் அமெரிக்காவையே குற்றம் சொல்வீர்களா?

பதில்: இல்லை, அங்கே என் வாதம் பலவீனப்படுகிறது. அன்னியப் படை ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது உண்மை. ஆனால் 2005 நவம்பரில் பாக்தாதின் ஜாதிரியாவில் உள்துறை அமைச்சகத்தின் நிலவறை ஒன்றில் சித்திரவதைக்குள்ளான கைதிகள் நூற்றைம்பதுக்கும் மேல் கண்டெடுக்கப்பட்டார்கள். அடைத்துவைத்தது ஈராக்கிய போலீஸ். கண்டுபிடித்தது அமெரிக்கப் படை. 2006 பிப்ரவரியில் சாமர்ரா நகரில் ஷியா முஸ்லிம்களின் புனிதத் தலமான அஸ்கரி மசூதி தகர்க்கப்பட்டபின் போலீஸ் சீருடைக்கும் ஆயுதக் கும்பலுக்கும் வேறுபாடு தெரியாமல் போனது. அந்த அரசாங்கத்தைத் தோற்ற அரசாங்கம் என்றால் மறுக்க மாட்டேன்.

கேள்வி: பட்டியலின் பெயரை மாற்றிவிட்டார்களாமே?

பதில்: ஆம், 2014இல் 'நலிந்த நாடுகள்' என்று மாற்றினார்கள். தாமதம்தான், ஆனால் நல்ல மாற்றம்.

கேள்வி: வடக்கே குர்துகள் பகுதியும் இதே கதைதானா?

பதில்: கதை நேர்மாறு. 1991க்குப் பிறகு அது பாக்தாதின் பிடியில் இல்லை. நாடாக அங்கீகாரமும் இல்லை. பாக்தாத் செல்லாது என்று கைவிட்ட பழைய நோட்டுகளையே அங்கே புழங்கினார்கள். 'சுவிஸ் தினார்' என்று பெயர். அந்த நோட்டுகளுக்குப் பின்னால் எந்த அரசாங்கமும் இல்லை, புதிதாக அச்சடிக்க வழியும் இல்லை; நைந்துபோன தாள்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. பாக்தாதிலோ இஷ்டத்துக்கு அச்சடித்தார்கள். 2003 அக்டோபரில் புதிய தினார் வந்தபோது, சதாம் படம் போட்ட நோட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று கொடுத்தார்கள். அந்த நைந்த நோட்டுக்கோ ஒன்றுக்கு 150 புதிய தினார்.