வாசலில் வைத்தே டீசல் சர்வீஸ்: கேள்வி பதில்

கே: 2015 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். ஆயில் சர்வீஸை வீட்டு வாசலிலேயே முதல்முறையாகச் செய்து பார்க்க ஆசை. என்ன வாங்க வேண்டும்? எங்கே சொதப்பும்?
– வாசகர், தண்டையார்பேட்டை

ப: செய்யலாம். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் இந்த நான்கோடு முதல் தடவை நிறுத்திக்கொள்ளுங்கள். டீசல் ஃபில்டர் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது 1,248 சிசி இன்ஜின். ஃபில்டரோடு மாற்றினால் ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கும். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் 3.5 லிட்டர் கேன். அதை அப்படியே கவிழ்த்துவிடுவதுதான் புதிதாகச் செய்கிறவர்களின் வழக்கமான தவறு. ஆயில் அதிகமானால் இன்ஜின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும். அந்த ஆயில் பிரீதர் குழாய் (இன்ஜின் உள்ளிருக்கும் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக, இன்ஜின் காற்றை இழுக்கும் பக்கம் போய்ச் சேரும். பெட்ரோல் இன்ஜின் என்றால் புகையோடு போகும். டீசல் இன்ஜினோ அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் சீறக்கூடும்.

ஆயிலோடு புது ஃபில்டர், அதன் ஓ-ரிங் (கசியாமல் மூடும் ரப்பர் வளையம்), அடியில் பழைய ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் வாங்குங்கள். பாக்ஸ் ஸ்பேனர் செட், பழைய ஆயில் பிடிக்க அகலமான டப், புனல், வேஸ்ட் துணி, கையுறையும் வேண்டும். வண்டியைத் தூக்கினால் அதைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம். ஸ்டெப்னியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் முட்டுக்கொடுப்பதும் வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இன்னொரு பத்து நிமிடம் ஆறட்டும். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கோடு சேர்ந்து இறங்கும், கையும் வேகாது. முதலில் மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டு அப்புறம் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் இந்த போல்ட் துருவேறி இறுகியிருக்கும். முந்தின நாளே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் தலை தேயாமல் கழலும். ஓபன் ஸ்பேனர் போடாதீர்கள், பாக்ஸ் ஸ்பேனர்தான்.

ஆயில் சொட்டுச் சொட்டாகும் வரை விடுங்கள். இருபது நிமிடம் ஆகும். போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது முதல் நாலைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். விரலில் போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி வையுங்கள். சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு மேல் முறுக்காதீர்கள். பலத்தைக் காட்டினால் சம்ப்பின், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியின் மரை போய்விடும். 50 ரூபாய் வாஷரில் முடிய வேண்டிய வேலை ஆயிரங்களில் போய் நிற்கும்.

ஃபில்டர் மாற்றும்போது பழைய ஓ-ரிங்கும் கூடவே வெளியே வந்ததா என்று கண்ணால் பாருங்கள். அது உள்ளேயே ஒட்டியிருக்க, மேலே புது ரிங்கை வைத்து மூடினால் ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்தில் தெருவெல்லாம் ஆயில்தான். புது ரிங்கில் கொஞ்சம் புது ஆயில் தடவிப் போடுங்கள்.

முதலில் இரண்டரை லிட்டர் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதீர்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதற்கு ஆயில் போய்ச் சேரச் சில விநாடியாவது வேண்டும். ஆயில் விளக்கு அணைந்தபின் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, நிறுத்தி, அடியில் கசிவு இருக்கிறதா பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஃபில்டர் குடித்த அளவுக்கு மட்டம் இறங்கியிருக்கும். அதை மட்டும் நிரப்புங்கள். இதெல்லாம் வண்டி சமதரையில் நிற்கும்போதுதான் சரியாக வரும். ஒரு பக்கம் பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்திவிட்டுப் பார்க்கும் அளவு எதற்கும் உதவாது.

கே: ஆயில் மாற்றிய இரண்டாம் நாளே கறுத்துவிட்டது. கடைக்காரர் போலி ஆயில் கொடுத்துவிட்டாரா?
– வாசகி, பெரம்பூர்

ப: நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. டீசல் எரிந்தால் கரி வரும். அந்தக் கரியைப் பிடித்து வைத்திருப்பதும் ஆயிலின் வேலைதான். பழைய ஆயிலும் கொஞ்சம் இன்ஜினுக்குள் தங்கியிருக்கும், அதனால் ஒரே நாளில் கறுப்பதும் சகஜம். நீங்கள் கவனிக்க வேண்டியது மட்டத்தை. டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் ஆயிலில் டீசல் கலக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில், புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் புகைக்கரி ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது அதிக டீசல் செலுத்தப்படும். நெரிசல் டிராஃபிக்கிலேயே ஓடுகிற வண்டியில் அந்தச் சுத்தம் பாதியில் நின்று நின்று, டீசல் ஆயிலில் இறங்கும். அப்படி ஏறினால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

கே: லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில் மலிவாகக் கிடைக்கிறது. காருக்கும் ஊற்றலாமா?
– வாசகர், மாதவரம்

ப: ஹேண்ட்புக்கில் அதே கிரேட் இருந்தால் தாராளமாக. பழைய டீசல் வண்டிகள் பலவற்றுக்கு அதுதான். புகைக்கரி ஃபில்டர் உள்ள வண்டிக்குக் கூடவே கூடாது. சாம்பல் குறைந்த சி2 அல்லது சி3 வகை ஆயில்தான் அதற்கு. ஆயில் சாம்பல் எரியாது. ஃபில்டரை நிரந்தரமாக அடைக்கும்.

கே: டீசல் ஃபில்டரை நானே மாற்றினேன். இப்போது செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் ஒருவர் இன்ஜெக்டர் நட்டை லூஸ் செய்து ஏர் எடுக்கச் சொல்கிறார்.
– வாசகர், கொளத்தூர்

ப: அந்த நட்டில் கை வைக்காதீர்கள். பழைய லாரி, டிராக்டர் இன்ஜினில் அது வழக்கம். இப்போதைய டீசல் கார்கள் காமன் ரெயில் வகை, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும். ரெயிலில் அழுத்தம் 1,600 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது இரண்டு பாரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பிரச்சினை ஏர் லாக்தான், அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்து அடைத்திருக்கிறது. ஃபில்டர் பக்கம் ரப்பர் கைப்பம்பு இருந்தால் இறுகும் வரை அமுக்குங்கள். டாங்கியிலேயே மின்சாரப் பம்பு இருக்கும் வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து சில விநாடி விட்டு அணையுங்கள். ஐந்தாறு முறை செய்தால் டீசல் நிரம்பும். அப்புறம் செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு நிமிடமாவது ஆறட்டும். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சேர்ந்து செலவு வைக்கும்.

அப்படியும் வரவில்லை என்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது. ஃபில்டர் ஓ-ரிங் மடிந்திருக்கும், அல்லது குழாய் கிளிப் "டிக்" என்று உட்காராமல் இருக்கும். டாங்கியில் பம்பு இல்லாத வண்டிகளில் இது உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே கசியாமலே காற்று மட்டும் நுழையும். ஈரம் இல்லை என்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

கே: போன மழையில் வியாசர்பாடியில் வண்டி சீட் வரை தண்ணீரில் நின்றது. இப்போது காய்ந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– வாசகி, வியாசர்பாடி

ப: சாவியே போடாதீர்கள். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு டோ செய்து பட்டறைக்கு அனுப்புங்கள். சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் டீசல் இன்ஜினின் அழுத்தத்தில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் பேரிங்கும் போகும். தண்ணீர் ஏறிய பின் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு, இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுக்காத பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம். தொடுவதற்கு முன்பே படம் எடுத்து இன்ஷூரன்ஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

கே: எண்ணூர் சாலையில் தினமும் போகிறேன். ஏர் ஃபில்டரை எத்தனை முறை காற்றடிக்கலாம்?
– வாசகர், எர்ணாவூர்

ப: பஞ்சர் கடை கம்ப்ரஸரை நேரே வைத்து அடித்தால் காகிதம் கிழியும். அந்த ஓட்டையில் போகும் புழுதி டர்போவின் விசிறியை அரிக்கும். தட்டி உதறுங்கள், போதும். கன்டெய்னர் லாரிப் புழுதியில் ஓடும் வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதியிலேயே புதிது போடுங்கள்.

கே: பழைய ஆயிலை என்ன செய்வது?
– வாசகர், புளியந்தோப்பு

ப: வந்த கேனிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். கால்வாயிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றக் கூடாது. செயினுக்குத் தடவலாம், கதவுக்குப் பூசலாம் என்று வீட்டில் சேர்த்து வைப்பதும் வேண்டாம். அது தோலுக்குக் கெடுதல்.